25 வருஷமா பார்க்கிற டாக்டர், பேர் எழுதாத மாத்திரைப் பொட்டலம்: அவர்கிட்ட எப்படிப் பேசுறது?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கங்க.

எங்க ஊர்ல எங்க குடும்பத்துக்கு ஒரே டாக்டர்தான். நான் ஆறாவது படிக்கும்போது டைபாய்டு வந்தப்ப, ராத்திரி பதினோரு மணிக்கு மழையில ஸ்கூட்டர்ல வந்து பார்த்தவர். அம்மா தவறினப்போ மாலையோட வந்து, அப்பா பக்கத்துல ஒரு மணி நேரம் ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருந்தார். இன்னிக்கும் ஃபீஸ் 80 ரூபாய். இல்லாதவங்ககிட்ட அதையும் வாங்க மாட்டார். எங்க தெருவுல அவரைக் கைராசிக்காரர்னு சொல்லாத வீடு கிடையாது.

அப்பாவுக்கு 68 வயசு. மூட்டு வலி. மூணு வருஷமா பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை அவர்கிட்ட போவார். ஒரு ஊசி. அப்புறம் அங்க இருக்கிற அக்கா பெரிய டப்பாவுல இருந்து மாத்திரையை எண்ணி, மெடிக்கல் ரெப் கொடுத்த பேடுல ஒரு தாளைக் கிழிச்சு மடிச்சுத் தருவாங்க. காலைக்கு ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். ராத்திரிக்குப் பாதி வெள்ளை. பொட்டலத்து மேல பேனாவுல கோடு மட்டும் இருக்கும், பேர் இருக்காது. வலி எங்க போச்சுன்னே தெரியாது. முகம் வேற நல்லா உருண்டு வந்துச்சு. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல பெரியப்பா, "பொண்ணு சம்பாத்தியம் மூஞ்சியில தெரியுதுடா"ன்னு சொல்லிச் சிரிச்சார். நானும் சந்தோஷப்பட்டேன். இப்ப நினைச்சா வயிறு எரியுது.

ரெண்டு மாசம் முன்னாடி டாக்டர் அமெரிக்காவுல இருக்கிற பையனைப் பார்க்கப் போனார். கிளினிக் பூட்டு. மாத்திரை தீர்ந்துபோச்சு. நாலாம் நாள் அப்பாவுக்குச் சாப்பாடு பிடிக்கல, வாந்தி. ஆறாம் நாள் காலையில பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்தார். மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிரஷர் 80/50. டியூட்டியில இருந்த டாக்டர் பொண்ணுக்கு என் தங்கச்சி வயசுதான் இருக்கும். "என்ன மாத்திரை சாப்பிடறார்?"னு கேட்டாங்க. என் கையில காலிப் பொட்டலம். ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் இருமல் மருந்து விளம்பரம், இன்னொரு பக்கம் மூணு கோடு.

அந்தப் பொண்ணுதான் அப்பாவோட முழங்கையைத் திருப்பிப் பார்த்தாங்க. தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு, அங்கங்க கன்னிப்போன திட்டு. முகம் உருண்டை, பிடரியில சதை, கை கால் மட்டும் குச்சி. "மூட்டு வலிக்குப் பொட்டல மாத்திரை எத்தனை வருஷமா?"ன்னு நேரா கேட்டுட்டாங்க. ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் போட்டாங்க. மறுநாள் காலையில அப்பா காபி கேட்டார்.

அப்புறம்தான் விளங்கச் சொன்னாங்க. ஸ்டீராய்டு மாத்திரை வாரக்கணக்கா உள்ள போனா, உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானா சுரக்கிறதை நிறுத்திடுமாம். திடீர்னு விட்டா ஆளே சாஞ்சிடுவாராம். கூடவே சுகர் 280. அதுவும் மூணு வருஷத்துல வந்ததுதான்.

டாக்டர் அடுத்த வாரம் ஊருக்கு வர்றார். "அவர் மேல ஒரு வார்த்தை சொல்லக் கூடாது"ங்கிறார் அப்பா. மெடிக்கல் கவுன்சில்ல புகார் கொடுக்கணும்னு நிக்கிறான் தம்பி. நான் நடுவுல. அவர் கெட்டவர் இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா எங்கப்பா செத்திருப்பார், அதுவும் தெரியும். எப்படிப் பேசுறது?

கொங்குத்தென்றல்:

அப்பா பிழைச்சதே பெரிசு. முதல் வேலையா டாக்டரை மாத்துங்க சகோதரி. பேசி என்ன ஆகப் போகுது? 60, 65 வயசுக்கு மேல யாரும் பழக்கத்தை மாத்திக்க மாட்டாங்க.

மருந்துக்கடை முருகு:

தங்கச்சி, 26 வருஷமா மருந்துக்கடையில நிக்கிறேன். அந்தப் பாதி வெள்ளை என்னன்னு எனக்குப் பார்க்காமலே தெரியும். டெக்ஸாவோ பீட்டாவோ ரெண்டுல ஒண்ணு, ரெண்டுமே ஸ்டீராய்டுதான். ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாம நாங்க கொடுக்கக் கூடாது. ஆனா விலை ரொம்பக் கம்மி, வலி உடனே போகும், பசி எடுக்கும், தெம்பு வரும். ஆளுங்க திரும்பத் திரும்ப வருவாங்க.

டாக்டரை மட்டும் சொல்ல மாட்டேன். கவுன்டருக்கு வந்து "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கண்ணே"ன்னு கேட்டா நாங்களும் நாலு மாத்திரையைக் கத்தரிச்சுக் கொடுத்திருக்கோம். பட்டையில பேர் இருக்கிற பக்கம் எங்க கத்தரிக்கோல்ல போயிடும், வெறும் மாத்திரை அவங்க கைக்குப் போகும். எங்க கடையில அதை நிறுத்தி ஆறு வருஷமாச்சு. கேட்டா திட்டுறாங்க, பக்கத்துக் கடைக்குப் போறாங்க. போகட்டும்னு விட்டுட்டேன்.

வியாசர்பாடிக்காரன்:

அக்கா எழுதினதைப் படிச்சு கஷ்டமா இருக்கு. ஆனா கவுன்சில், கேஸுன்னு போறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. எங்க ஏரியாவுல டாக்டர் திருவேங்கடம் இருந்தார். 1973ல 2 ரூபாய் ஃபீஸ்ல ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் 5 ரூபாய்க்கு மேல போகல. 2020 ஆகஸ்ட்ல அவர் இறந்தப்போ, கொரோனா நேரத்துலயும் தெருவே அழுதுச்சு. ராயபுரத்துல டாக்டர் ஜெயச்சந்திரனும் அப்படித்தான், 2018 டிசம்பர்ல போனார். அந்த மாதிரி ஆளுங்க போன இடத்துல இப்ப யார் உட்கார்ந்திருக்கா? உள்ள நுழைஞ்சாலே 500, ஸ்கேன் 3,000. உங்க ஊர் டாக்டரையும் விரட்டிட்டா அடுத்து யார் வருவா? ராத்திரி பதினோரு மணிக்கு மழையில யார் வருவா?

ஈஸ்ட்ஹாம் வாசி:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். அன்பான டாக்டர் என்றால் பாதுகாப்பான டாக்டர் என்று அர்த்தம் இல்லை. இந்த நாடு அதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் ஹரோல்ட் ஷிப்மன் என்று ஒரு குடும்ப மருத்துவர். வீடு தேடி வருவார், வயதானவர்களுக்கு அவரென்றால் உயிர். 2000 ஜனவரியில் 15 பேரைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். டயமார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்து ஊசி. பிறகு டேம் ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த விசாரணை, எண்ணிக்கை 200க்கும் மேல் என்று சொன்னது. தனியாளாக கிளினிக் நடத்தியவர். பதிவேட்டைப் பிறகு திருத்தியும் வைத்தார். கேள்வி கேட்க யாரும் இல்லை.

இப்போது இங்கே ஒவ்வொரு டாக்டரும் ஆண்டுதோறும் சக டாக்டர் ஒருவரிடம் தன் வேலையைக் காட்டிப் பேச வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். 2012 முடிவிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவருக்குக் கையில் ஒரு அவசர அட்டையும் கொடுக்கிறார்கள். மயங்கிக் கிடந்தாலும் ஆம்புலன்ஸ்காரர் அதைப் பார்த்தாலே போதும்.

வியாசர்பாடிக்காரன்:

அண்ணா, கொலைகாரனையும் அந்தக் கிராமத்து டாக்டரையும் ஒரே தட்டுல வைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அவர் செஞ்சது தப்பு. ஆனா பாவம் பார்த்துச் செஞ்ச தப்பு.

ஈஸ்ட்ஹாம் வாசி:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அந்த உதாரணத்தை நான் அப்படி எடுத்து வந்திருக்கக் கூடாது. வைகைக்கரை, மன்னியுங்கள்.

நான் சொல்ல நினைத்ததற்கு இதே நாட்டில் இன்னொரு டாக்டர் இருக்கிறார், அவரைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் 1961இலிருந்து வைத்தியம் பார்த்தவர். ஏழைகள் எங்கே அதிகமோ அங்கேதான் நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதிய கட்டுரையால் உலகம் அவரை அறியும். தன் கிராமத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும், நோய் என்று வராதவர்களுக்கும், பிரஷர் பார்த்து எழுதி வைத்தார். 25 வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், 65 வயதுக்குள் இறந்தவர்களின் விகிதம் பக்கத்துக் கிராமத்தைவிட 28 சதவீதம் குறைவு.

என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. தன் நோயாளிகளில் அடுத்தடுத்து இறந்த 500 பேரின் கதையை ஒவ்வொன்றாக எடுத்தார். இந்தச் சாவைத் தவிர்த்திருக்கலாமா, நோயாளி பக்கம் என்ன, சூழல் பக்கம் என்ன, என் பக்கம் என்ன என்று அலசி, 1987இல் அச்சிலும் வெளியிட்டார். ஊர்க்காரர்களோடு சேர்ந்து வாழ்ந்த மனிதர், அவர்களின் சாவுக்குத் தன் பங்கு எவ்வளவு என்று கணக்கெழுதினார். எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

கிராமத்து மருத்துவன்:

இந்த இழையை நேற்றே படித்தேன், உடனே எழுத மனம் வரவில்லை. நான் எம்.பி.பி.எஸ். முடித்துத் தாலுகா ஊர் ஒன்றில் 14 வருஷமாக கிளினிக் வைத்திருக்கிறேன். மாலை ஐந்திலிருந்து பத்துக்குள் 80 பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு நாலு நிமிஷம்கூட இல்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன், ஒரு அம்மா ஐந்து வயதுப் பையனைத் தூக்கி வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. "ஒண்ணும் இல்லம்மா, வைரல்தான், சரியாப் போயிடும்" என்று அன்பாகத்தான் சொன்னேன். கன்னத்தைத் தட்டி அனுப்பினேன். அந்த அம்மா வாசல்வரை போய்த் திரும்பி, "வயிறு வலிக்குதுன்னு சொல்றான் சார்" என்றார். அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது. "காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும்" என்றேன். மறுநாள் மாலை பையனை ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டெங்கு. டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்து கிடப்பது எல்லாம் எச்சரிக்கை. இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதியவன்தான். பையன் பிழைத்தான். இப்போது வளர்ந்து என்னிடமே வருகிறான்.

அன்று என்னிடம் கனிவு இருந்தது. இல்லாமல் போனது, அந்த அம்மா வாசலில் நின்று சொன்னதைக் கேட்கும் காது. பாதுகாப்பு என்று தனியாக ஒரு கருவி இருப்பதாக நான் நினைத்திருந்தேன். அந்த வயிற்று வலியைக் கேட்டிருந்தால் அதுவே போதும்.

அதற்குப் பிறகுதான் வேலூர் சி.எம்.சி. நடத்தும் குடும்ப மருத்துவப் படிப்பில் சேர்ந்தேன். தொலைதூரக் கல்வி, நேர்முகப் பயிற்சியும் உண்டு. அங்கே மூன்று கேள்வி கேட்கப் பழக்கினார்கள். இது என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்? நான் என்ன செய்ய வேண்டும் என்று வந்தீர்கள்? மூட்டு வலிக்காரர்களிடம் மூன்றாவதைக் கேட்டுப் பாருங்கள், "ஊசி வேணும் சார், நாளைக்கு நடவு இருக்கு" என்பார்கள். உங்கள் டாக்டரும் இந்தப் பதிலைத் தினம் கேட்டிருப்பார். கேட்டதைக் கொடுப்பதுதான் கருணை என்று பழகியிருப்பார். நானும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போனவன்தான்.

இன்னொன்றும் கற்றேன். ஒவ்வொருவரையும் அனுப்பும்போது, எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது. ரோஜர் நெய்பர் என்ற பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் 1987இல் இதற்குப் பாதுகாப்பு வலை என்ற பொருளில் பேர் வைத்தார். கழைக்கூத்தாடிக்குக் கீழே வலை கட்டுகிற மாதிரி. காய்ச்சல் குழந்தைக்குச் சீட்டின் பின்பக்கம் தமிழில் நாலு வரி எழுதித் தருகிறேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. உடனே டாக்டரை மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் நார்வேயில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷமே இருந்தவர்களைவிட அவசர ஆஸ்பத்திரிச் சேர்க்கை 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவு. மற்ற காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் உங்கள் குடும்பத்தை 25 வருஷமாகத் தெரிந்த ஒருவர் சும்மா கிடைப்பதில்லை.

தனியாகப் போங்கள். கிளினிக் மூடும் நேரத்தில், கூட்டம் இல்லாதபோது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். "நீங்க என்ன கொடுத்தீங்க?" என்று தொடங்காதீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். பாத்ரூம் வாசல், காலிப் பொட்டலம், அந்த டியூட்டி டாக்டர் கேட்ட கேள்வி. எந்த டாக்டரையும் அது உலுக்கும். அதன் பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். மறுத்தால், கோபப்பட்டால், உங்கள் மேல் பழி போட்டால், அப்போது தம்பி சொல்வதைச் செய்யுங்கள். அதில் தயக்கம் வேண்டாம்.

வடமராட்சி வாசன்:

அக்கா, நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போற எல்லாரிட்டையும் ஒரு கொப்பி இருக்கும். கிளினிக் கொப்பி எண்டு சொல்லுவம். பள்ளிக்கூடப் பிள்ளையள் எழுதுற கொப்பிதான், அம்மா அதுக்கு பொலித்தீன் உறை போட்டு வச்சிருக்கிறா. பிறஷர், சீனி, என்ன குளிசை, எத்தினை மில்லிகிராம், எல்லாம் அதிலதான். எந்த டொக்டர் பாத்தாலும் அதிலதான் எழுதுவினம். சண்டைக்குள்ள இடம் பெயரேக்கை நகை எடுத்தாவோ இல்லையோ, அம்மம்மா கொப்பியை மறக்கேல்லை. முகாமில இருந்த டொக்டர் அதைப் பாத்துத்தான் அவவுக்கு மருந்து குடுத்தவர்.

ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கோ. எழுதித் தாங்கோ எண்டு கேட்டால் குற்றம் சொல்ற மாதிரி இராது.

செவிலி செல்வி:

வடமராட்சித் தம்பி சொன்னது அருமை. நான் கிராம சுகாதார செவிலியர். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினதுல இருந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகுது. அப்பா பேரை அதுல சேர்த்துடுங்க. மூட்டுக்குப் பயிற்சி சொல்லித்தர பிசியோதெரபிஸ்டும் அந்தத் திட்டத்துல வருவாங்க, வலி மாத்திரையைக் குறைக்க அது ரொம்ப உதவும். வீடு வீடாப் போகும்போது நான் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"ன்னு கேட்க மாட்டேன். "பெட்டியைக் கொண்டாங்க"ன்னு சொல்லுவேன். வாயால நாலுன்னு சொன்ன வீட்டுல பெட்டியில ஒன்பது இருக்கும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கிராமத்து மருத்துவன் ஐயா, உங்க பதிவை அப்பாவுக்கும் தம்பிக்கும் வாசிச்சுக் காட்டினேன். தம்பி கேட்கச் சொல்றான்: பேர் எழுதாம மாத்திரை கொடுக்கிறது சட்டப்படி சரியா?

வழக்காடி:

சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளும் இருக்கின்றன. மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் அவற்றில் திருத்தம் வந்தது. நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி கொண்டுவந்து, அதே மாதம் நிறுத்தி வைத்தது. பழையதுதான் செல்லும். புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் அனுப்பலாம். ஆனால் கையில் சீட்டே இல்லாமல் எதை நிரூபிப்பீர்கள்? பேர் எழுதாத பொட்டலம் உங்கள் அப்பாவின் உயிருக்கும் ஆபத்து, உங்கள் புகாருக்கும் முட்டுக்கட்டை.

வைகைக்கரை (மூணு வாரம் கழிச்சு):

போய்ப் பேசிட்டேன்.

ராத்திரி ஒன்பதரைக்குப் போனேன். அந்த அக்கா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாங்க. டாக்டர் என்னைப் பார்த்ததும் "அப்பா எப்படிம்மா இருக்கார், மாத்திரை தீர்ந்திருக்குமே"ன்னார். ஐயா சொன்ன மாதிரி வரிசையாச் சொன்னேன். பாத்ரூம் வாசல்னு சொல்லும்போது எனக்கே குரல் உடைஞ்சிடுச்சு. சம்மரியை வாங்கி, கண்ணாடியை மாத்திப் போட்டு, ரெண்டு தடவை படிச்சார். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "நான் போறதுக்கு முன்னாடி குறைச்சுக் குறைச்சு நிறுத்தச் சொல்லியிருக்கணும். தோணவே இல்லம்மா"ன்னார். அவர் சாக்குச் சொல்லல. "உங்கப்பா ராத்திரி தூங்க முடியலேன்னு வந்து உட்காருவார். உங்கம்மா தவறின வருஷம் அது. நல்லாத் தூங்க வெச்சா போதும்னு இருந்துட்டேன்"னு மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் தீரல. அதையும் அவர்கிட்ட சொன்னேன், மரியாதையோடதான். "கோபப்படணும்மா"ன்னார்.

பையில இருந்து 80 பக்க நோட்டை எடுத்து மேஜையில வெச்சேன். அப்பாவுக்குக் கொடுத்ததை எல்லாம் எழுதித் தாங்கன்னு கேட்டேன். மூணு வருஷத்துக்கும் அவர்கிட்ட சீட்டு கிடையாது. நினைவுல இருந்து எழுதினார், பீட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை, அளவு, எத்தனை நாள். கை நடுங்குச்சு. பாதியில நிறுத்தி, "அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதுல்ல?"ன்னு கேட்டு, எழுதினதுக்குக் கீழேயே தமிழ்லயும் எழுதினார்.

நேத்து அந்த அக்கா ஃபோன் பண்ணாங்க. டப்பா மாத்திரையை எல்லாம் நிறுத்திட்டாராம், இனிமே சீட்டுதான். கூட்டம் குறைஞ்சிருக்காம். தம்பி புகார் எழுதி வெச்சிருக்கான், இன்னும் அனுப்பல. ஆறு மாசம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன். மூட்டுக்கும் சுகருக்கும் மதுரையில பார்க்கிறோம். காய்ச்சல், தலைவலின்னா அப்பா அவர்கிட்டதான் போவாராம். நோட்டோட போங்கன்னு சொல்லிட்டேன்.

மருந்துக்கடை முருகு:

கூட்டம் குறைஞ்சா அவர் பழைய வழிக்குப் போயிடாம நீங்கதான் போய் நிக்கணும் தங்கச்சி. நாலு பேருக்குச் சொல்லுங்க, இப்ப சீட்டு எழுதித் தர்றார்னு. எங்க கடையில அந்த முதல் வருஷம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

கிராமத்து மருத்துவன்:

வைகைக்கரை அம்மா, படித்து மனசு லேசானது. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அப்பாவின் உடம்பு தானாகச் சுரக்கத் தொடங்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை மதுரை டாக்டர் கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஊசிக்கு ஓட வேண்டும், 108ஐக் கூப்பிடுங்கள். ஏதாவது ஆபரேஷன், பல் பிடுங்குவது என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், "இவர் ஸ்டீராய்டு எடுப்பவர், திடீரென நிறுத்தக் கூடாது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அதையே ஒரு துண்டுத் தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் போட்டு வையுங்கள்.

வைகைக்கரை:

எழுதிட்டேன் ஐயா. சட்டைப் பையில வெச்சா துவைக்கப் போட்டுடுவார். பஸ் பாஸ் உறைக்குள்ள செருகி வெச்சிருக்கேன், அதை மட்டும் அவர் எங்கயும் மறக்க மாட்டார்.